மாடியில் வரைந்த ஓடுபாதை

அந்த விமானத்தளத்தின் பெயரை எழுத இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை. மலைக்கு மேற்கே, கடலுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அது ராணுவத்தின் தளம். நான் சிவில் பைலட். மெட்ராஸில் ஒரு தனியார் கம்பெனிக்காக இரண்டு எஞ்சின் வைத்த சின்ன விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு பேர் உட்காரலாம். எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலிலிருந்து போய் விமானம் ஓட்டுகிறவன் எனக்குத் தெரிந்து அப்போது நான் ஒருத்தன்தான். ஊரில் என்னை 'ஏரோப்ளேன் டிரைவரு' என்றுதான் சொல்வார்கள்.

மேற்கே மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், நூற்பாலை இயந்திரங்களைச் சரிபார்க்கும் எஞ்சினியர் ஒருவரை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டினேன். நாங்கள் போக வேண்டிய விமான நிலையத்தை மழை மூடிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். திரும்பலாம் என்றால் மலைமேல் இடிமேகம் எழும்பிவிட்டது. பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்குக்கூட இல்லை. எட்டும் தூரத்தில் இருந்தது ராணுவத்தளம் மட்டும்தான். முன் அனுமதி இல்லாமல் எங்களைப் போன்றவர்கள் அங்கே இறங்கக் கூடாது. வேறு வழியில்லாமல் நிலைமையைச் சொல்லிக் கேட்டேன்.

 தளத்திலிருந்து ஒரு குரல், "பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, மறுபடி சொல்" என்றது. சொன்னேன். "மறுபடி" என்றது. மூன்றாவது தடவையும் சொன்னேன்.

வெளியே எதுவும் தெரியாத மேகத்துக்குள், முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து வகுத்த பாதையில் இறங்குவது எங்கள் தொழிலில் கடினமான வேலை. சிவில் நிலையங்களில் அந்தப் பாதையை நாமே பிடித்து வருவோம். இந்தத் தளத்தில் வேறு முறை. கீழே ஒரு இருட்டறையில் கண்ட்ரோலர் ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார். என் விமானம் அவருக்கு ஒரு புள்ளி. வலது பக்கம் திரும்பு, இறங்கு, இன்னும் இறங்கு என்று அவர் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நான் அப்படியே செய்ய வேண்டும். கடைசி சில மைல்களில் நான் வாயே திறக்கக் கூடாது. "இனி பதில் சொல்லாதே. ஐந்து விநாடி என் குரல் கேட்காவிட்டால் மேலே ஏறிவிடு" என்று அவர் சொன்னார்.

அந்தக் குரலில் உணர்ச்சியே இல்லை. மூன்று தடவை பெட்ரோலைக் கேட்ட மனுஷன் எதற்கு இப்போது இவ்வளவு சாந்தமாகப் பேசுகிறான் என்று நினைத்தேன். ஓடுபாதைக்குத்தான் கூட்டிப்போகிறானா, அல்லது தளத்தின் மேல் வரவிடாமல் கடல் பக்கம் தள்ளிவிடுகிறானா? மேகத்துக்குள் புத்தி இப்படித்தான் போகும். உடம்பும் சேர்ந்து பொய் சொல்லும். விமானம் இடது பக்கம் சாய்ந்து சுற்றுகிறது என்று என் காது அடித்துச் சொன்னது. சாயவில்லை, நேராகத்தான் போகிறது என்று கருவி சொன்னது. கருவியை நம்பலாம் என்று படித்திருக்கிறேன். குரலை எதைக்கொண்டு நம்புவது?

"மையக்கோட்டுக்குச் சற்று இடதுபுறம். வலதில் மூன்று டிகிரி திரும்பு. இறங்கும் பாதையில் சரியாக இருக்கிறாய்."

திரும்பினேன். பின்னால் எஞ்சினியர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முந்நூறு அடி உயரத்தில் மேகம் கிழிந்தது. நேர் முன்னால் ஓடுபாதை, இரண்டு பக்கமும் விளக்கு வரிசை, மழையில் பளபளவென்று. அந்த ஆள் என்னை நூல் பிடித்த மாதிரி கொண்டுவந்து விட்டிருந்தார்.

சந்தோஷம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. விமானத்தை ஒரு மூலையில் நிறுத்தச் சொன்னார்கள். நான் எஞ்சின்களை அணைப்பதற்குள் எஞ்சினியர் பையிலிருந்து கேமராவை எடுத்து ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்துவிட்டார். உயிரோடு இறங்கிய மகிழ்ச்சி அவருக்கு. மழையையும் ஓடுபாதையையும்தான் எடுத்தார். ஆனால் அதற்குப் பின்னால் ராணுவ விமானங்கள் வரிசையாக நின்றன. ஜீப்பில் வந்தவர்கள் முதலில் பிடுங்கியது அந்தக் கேமராவைத்தான். ஒருவர் துப்பாக்கியோடு விமானத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். இன்னொருவர் இறக்கைமேல் ஏறி, பெட்ரோல் டாங்கியில் நீளமான குச்சியை விட்டு அளந்தார். பெட்ரோலை இவர்கள் எதற்கு அளக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

உள்ளே ஒரு அதிகாரி கேட்டார்: "யார் சொல்லி இங்கே வந்தாய்?"

"உங்கள் ஆள்தான் சார் கூட்டிவந்தார்."

"அவர் இறக்கினார். நீ ஏன் வந்தாய் என்று கேட்கிறேன்."

அதையே நாலு விதமாகக் கேட்டார். எஞ்சினியரை எத்தனை நாளாகத் தெரியும், கேமரா கொண்டுவரச் சொன்னது யார், மேகம் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிரந்தர முகவரி கேட்ட இடத்தில் சங்கரன்கோவில் வீட்டு விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் அவர்களே பெட்ரோல் நிரப்பி எங்கள் இருவரையும் விட்டுவிட்டார்கள். மெட்ராஸ் வந்ததும், மேலிடத்திலிருந்து கடிதம் வரும்வரை விமானத்தைத் தொட வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஊருக்குப் போய் இரு என்றார்கள்.

வீட்டில் லீவு என்று சொன்னேன்.

எங்கப்பா தாலுகா ஆபீஸில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடு முழுக்கச் அளவுச் சங்கிலி பிடித்து நடந்த கால் அவருடையது. இரண்டு பேர் வந்து ஒரே வரப்பைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வதைக் கேட்டுக் கேட்டே வயசானவர். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், பேசுகிறவரின் கையைப் பார்ப்பார். நாலாவது நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"லீவு எத்தனை நாளைக்கு?"

"சொல்லலை. கூப்பிடுவாங்க."

"அப்ப தபால்காரர் வார நேரத்துக்கு ஏன் தெருமுனை வரைக்கும் போயி நிக்கே?"

"சும்மாதான்."

அவர் என் கையைப் பார்த்தார். நான் சாம்பாரை எடுத்து ஊற்றிக்கொண்டேன். அம்மா, "சாப்பிடுத பிள்ளையப் போயி விசாரணை பண்ணிக்கிட்டு" என்று அவரை அடக்கினாள்.

ஓட்டாமல் இருந்தால் கை மறந்துவிடும் என்ற பயம் எனக்கு. அதனால் காலையில் மாடிக்குப் போய்ச் சாக்பீஸால் தரையில் வரைவேன். ஓடுபாதை, அதற்கு நேராக நீட்டிய மையக்கோடு, எத்தனை மைலில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று ஓரமாக எண்கள். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டில் மெதுவாக நடப்பேன். கண்ட்ரோலர் பேசுவதையும் நானே இங்கிலீஷில் பேசுவேன். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். எந்தத் தளத்தை வரைகிறோம் என்று நான் யோசிக்கவேயில்லை. கடைசியாக இறங்கிய இடம்தான் கைக்கு வந்தது. அந்த ராணுவத்தளத்தைத்தான் தினமும் வரைந்துகொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு மாடியில் நூல்கடை அண்ணாச்சி சாயம் தோய்த்த நூல் கட்டுகளைக் கொடியில் காயப்போடுவார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்தச் சத்தத்திலும் நான் பேசுவது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒருநாள் கையில் ஈர நூலோடு நின்று கேட்டார்.

"என்ன தம்பி, வாட்சை வச்சுக்கிட்டு அங்கனயும் இங்கனயும் நடக்கிய? ஆருகிட்டப் பேசுதிய?"

"யாருகிட்டயும் இல்லண்ணாச்சி. படிக்கேன்."

"இந்த வயசுலயா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் வாசுதேவநல்லூரில் கூடப்படித்தவன் ஒருவனைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். பூ மார்க்கெட் பக்கம் வழக்கமாகக் கைகாட்டும் ஒருவர் தராசைக் குனிந்து பார்த்தார். எங்கள் தெருவில் நூல்கடை அண்ணாச்சி என்னைக் கண்டதும் கடைக்குள் போய்விட்டார். வீட்டு வாசலில் ஒரு ஏட்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலைல ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க. எஸ்.ஐ. பாக்கணும்னாவ."

"எதுக்கு?"

"அது உங்களுக்குத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார்.

அம்மா அழுதாள். நான் இல்லாதபோது போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்திருக்கிறார்கள். மாடிக்கும் போயிருக்கிறார்கள். மாடியைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னது? எனக்குச் சந்தேகமே இல்லை, எதிர்வீடுதான்.  அப்பா அன்றைக்குச் சீக்கிரமாகவே படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போகும்போது அண்ணாச்சி கடை வாசலில் நின்று, "தம்பி..." என்று ஏதோ சொல்ல வந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

எஸ்.ஐ. வட ஜில்லாக்காரர். ஊருக்குப் புதுசு. என்னைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும். மேஜைமேல் பழுப்பு உறையில் ஒரு கடிதம். என் நடத்தையைப் பற்றி விசாரித்து எழுதச் சொல்லி வந்திருக்கிறது என்றார். எந்தக் கட்சி, வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா, வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பைலுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது என்ன?"

மாடியில் நான் வரைந்த படம். பென்சிலால், அளவு பிசகாமல், ஒரு எண்கூட விடாமல் பிரதி எடுத்திருந்தது. மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. அதன் வாலில் குறுக்கே இரண்டு சின்னக் கோடு. சின்ன வயசிலிருந்து அந்த அம்புக்குறியை நூறு நில வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். அப்பாவின் கை அது.

தாளை இன்னும் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன்.

"எந்த ஊர் ஏரோட்ரோம் இது?" என்றார் எஸ்.ஐ.

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. உண்மையைச் சொன்னால் இந்தத் தாள் நேராக அந்தத் தளத்துக்கே போகும் என்பதும் தோன்றியது. ஆனாலும் உண்மையைத்தான் சொன்னேன். மழை, பெட்ரோல், கேமரா எல்லாம் சொன்னேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

"ஒண்ணுமே தெரியாது, எவனோ பேசறதைக் கேட்டு இறங்கினேன்றீங்க. அது எப்படி? செஞ்சு காட்டுங்க."

வெளியே முற்றத்துக்குக் கூட்டிப்போனார். ஏட்டின் துண்டை வாங்கி என் கண்ணைக் கட்டச் சொன்னார். வேப்பமரத்தடியிலிருந்து வராந்தாப் படிவரைக்கும் தான் சொல்கிறபடி நான் நடக்க வேண்டும். நடந்தேன். "நேரா... கொஞ்சம் ரைட்ல... நேரா வாங்க... இன்னும் நேரா..." முழங்கால் எதிலோ படாரென்று இடித்தது. ஏட்டின் சைக்கிள் என் மேல் சாய்ந்தது. துண்டை அவிழ்த்தேன். படி எனக்கு இடது பக்கம் பத்தடி தள்ளி இருந்தது. ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்" என்றார் எஸ்.ஐ. "தடம் மாறுதுன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. காலடியில வெயில் பட்டுச்சு. வராந்தான்னா நிழலா இருக்கணும்."

"அப்பறம் ஏன் நிக்கல?"

"நீங்க நிக்கச் சொல்லலையே சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல அந்த ஆள் இதே மாதிரி செஞ்சிருந்தா?"

"செத்திருப்பேன்."

உள்ளே போய் உட்கார்ந்து நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. "இந்தத் தாளையும் சேர்த்துத்தான் அனுப்புவேன். மறைச்சேன்னா நாளைக்கு என்னைக் கேப்பாங்க" என்று மட்டும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழங்காலைப் பார்த்தார். "அடிச்சானுவளா?"

"சைக்கிள்ல இடிச்சுது. அந்தப் படத்தை நீங்கதான் குடுத்தியளா?"

"ஆமா." பேப்பரை மடித்து வைத்தார். "நீ கீழ வந்த பிறகு ஒருநாள் மாடிக்குப் போனேன். சரியாத் தொடைக்காம வந்திருந்தே. முப்பது வருஷம் கோடு போட்டவன் நான். ஒரு கோட்டப் பாத்தா அது ஆரு நிலம்னு கேப்பேன். உன்கிட்டக் கேட்டா 'சும்மா'ம்பே. அவன் வந்து, உங்க மகன் வீட்டுல என்ன செய்யுதான்னு கேட்டான். இருந்ததக் குடுத்தேன்."

"பெத்த மகனை மாட்டிவிட்டியளே!"

"நீ லீவுன்னு சொன்னே. லீவு இல்லன்னு எனக்கு நாலாம் நாளே தெரியும். எங்கிட்டப் பொய் சொல்லுதவன் நாட்டுக்கு என்ன செய்வான்னு எனக்கு எப்படில தெரியும்?" மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார்.  "தப்பு செஞ்சிருந்தா மாட்டணும். செய்யலன்னா அவனே விட்டுருவான். நானா ஒளிச்சு வச்சா ரெண்டும் தெரியாமப் போயிரும்."

 எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து அம்மா அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நானும் அவரும் ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டோம். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தெரு கொள்ளாத கூட்டம். சொந்தக்காரர்கள் வந்து, "லீவு இன்னும் முடியலையா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தர் கேட்கும்போதும், இவருக்கு எவ்வளவு தெரியும் என்று முகத்தைத் தேடுவேன்.

நூல்கடை அண்ணாச்சியிடம் போக எனக்கு இரண்டு வாரம் ஆனது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "அன்னைக்கு நீங்க கூப்பிட்டிய. நான் நிக்கலை" என்றேன்.

"எங்கிட்டயும்தான் கேட்டானுவ தம்பி. பரீட்சைக்குப் படிக்காருன்னு சொன்னேன். அதச் சொல்லி வைப்போம், நீங்க அங்க போயி மாத்திச் சொல்லிறக் கூடாதேன்னுதான் கூப்பிட்டேன்" என்றார். பக்கத்துக் கடைப் பையனிடம் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி, நான் குடித்து முடிக்கும்வரை அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் அவரைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. இப்போது வரைக்கும் சொன்னதில்லை.

கம்பெனியின் தந்தி வந்தபோது மேற்கே மழைக்காலம் முடிந்திருந்தது. நேரில் விசாரிக்க அந்தத் தளத்துக்கே வரச் சொல்லியிருந்தார்கள். ரயிலில் போனேன். அதே அதிகாரி. அவர் முன்னால் இருந்த பைலில் அப்பாவின் படம் இருந்தது.

"இதை வரைந்தது யார்?"

"நான் சாக்பீஸில் வரைந்தேன். என் அப்பா பிரதி எடுத்தார்."

"போலீஸிடம் கொடுத்தது?"

"அவர்தான்."

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் உயரம் நூறு அடி தப்பு என்றார். பிறகு பைலை மூடிவிட்டு, இனி முன் அனுமதியோடு வரலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஏன் என்னை நம்பினார் என்று சொல்லவில்லை. எஸ்.ஐ. எழுதியது காரணமா, அப்பா மறைக்காததா, அந்த நூறு அடித் தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு என்னை இறக்கிய கண்ட்ரோலரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். மெஸ்ஸில் இருந்தார். ஒல்லியான மனுஷன், மூக்குக்கண்ணாடி. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் என் நன்றியைக் கேட்டுக்கொண்டார்.

"பெட்ரோல் குறைவு என்று நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன்" என்றார். "அனுமதி கிடைக்காதவர்கள் அப்படிச் சொல்லிப் பார்ப்பார்கள். உன் டாங்கியை அளக்கச் சொன்னதே நான்தான்."

"பொய் என்று நினைத்துக்கொண்டா என்னை அவ்வளவு நேராகக் கொண்டுவந்தீர்கள்?"

"அது வேறு, இது வேறு" என்றார். "நீ சொன்னதில் பாதிகூட டாங்கியில் இல்லை. உன் பெட்ரோல் மானி தப்பாகக் காட்டியிருக்கிறது. ஒருவரும் உன்னிடம் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை.  கம்பெனியில் அந்த மானியைப் பற்றி யாரும் பேச்செடுத்ததில்லை. யாருக்குத் தெரியும், யார் மறைத்தார்கள் என்று அன்றைக்கு ராத்திரி ரயிலில் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். மெட்ராஸ் போனதும் நான் முதலில் செய்தது மானியை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டதுதான். மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் பல தடவை இறங்கினேன், மேகத்திலும் வெயிலிலும். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிக்காரர் வந்து நிற்பார்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். எதையும் விடவில்லை. கூட்டிச் சொல்லவும் இல்லை. வரப்புத் தகராறு கேட்கிற மாதிரி என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பெட்ரோல் மானி வந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"குச்சி விட்டு அளந்தான்னியே, அந்த அளவ எழுதி வாங்கினியா?"

"இல்ல."

"கம்பெனிக்காரன் நாளைக்கு இல்லம்பான். அடுத்த தடவை எங்க இறங்கினாலும் நீயே அளந்து, தேதி போட்டு எழுதி வச்சுக்கோ" என்றார். பிறகு உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்து, "ஏட்டி, ரெண்டு பேருக்கும் சேத்து இலையப் போடு" என்றார்.